எதற்குப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு

வெளியே கிளம்பும் பெண்ணிடம் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். முதல் கேள்வி, "யாரோட போற?" இதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம், எழுதிவிட்டோம். இரண்டாவது கேள்வியைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. "எதுக்குப் போற?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். தங்கையோடு, தோழியோடு, மகளோடு என்று ஒரு பெயர் போதும். இரண்டாவது கேள்விக்குப் பெண்ணிடம் ஏற்கத்தக்க பதில்கள் என்று ஒரு சின்னப் பட்டியல்தான் இருக்கிறது: வேலை, படிப்பு, கல்யாணம், சாவு, மருத்துவமனை, கோயில். "சும்மா, நடந்துட்டு வரலாம்னு" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

போன வருடம் நானும் என் தங்கையும் ஹவாயில் உள்ள கவாய் தீவுக்குப் போனோம். அவள் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறாள். எனக்கு 47 வயது, அவளுக்கு 43. ஒரு வார விடுமுறை. கணவர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. அந்தத் தீவின் வடமேற்குக் கரையில் உள்ள கலலாவ் தடத்தில் நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் திட்டம். இதை ஊரில் சொன்னபோது பெரிய அண்ணி கேட்டார்: "அங்க ஏதாவது கோயில் இருக்கா?" கோயில் இருந்திருந்தால் அந்தப் பதினெட்டு கிலோமீட்டருக்கு அவரே தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருப்பார்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பெண்ணின் கால்களுக்கு வலு இல்லை என்று யாரும் உண்மையில் நம்புவதில்லை என்பதுதான் இதில் தெரிவது. விறகுச் சுமையோடு மலை இறங்குகிற பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். வால்பாறையிலும் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் தேயிலைச் சரிவுகளில் காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்குவது பெரும்பாலும் பெண்கள்தான். முதுகில் கூடை, மழை, அட்டைக்கடி. "பாவம், பொம்பளைக்கு இந்தச் சரிவு ஆகாது" என்று எந்தத் தோட்ட நிர்வாகமும் அவர்களை வீட்டுக்கு அனுப்பியதில்லை. குடும்பத்துக்காக, முதலாளிக்காக, சாமிக்காக ஏறினால் மலை பெண்ணுக்கு ஏற்றதாக இருக்கிறது. தனக்காக ஏறுகிறேன் என்று சொன்ன நிமிடம் அதே மலை ஆபத்தானதாகிவிடுகிறது. மறுக்கப்படுவது மலை அல்ல. பெண் தன் நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதுதான் மறுக்கப்படுகிறது.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு கணக்கு தருகிறது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டு வேலைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இடையில் உள்ள மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட நேரம்தான் அந்த இரண்டாவது கேள்வியின் அடியில் கிடக்கிறது. நீ சும்மா நடந்தால் இங்கே சோறு யார் வடிப்பது?

சரி, ஆபத்து என்கிறார்களே, அதைப் பார்ப்போம். கலலாவ் தடம் உண்மையிலேயே ஆபத்தானதுதான். ஒரு வழிக்கு 11 மைல், அதாவது கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். ஒரு பக்கம் நா பாலி என்ற செங்குத்துப் பாறைச் சுவர், மறுபக்கம் பசிபிக் கடல். பாதை ஐந்து பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறுகிறது. செம்மண், மழை பெய்தால் எண்ணெய் தடவிய தளம் போல வழுக்கும். முதல் இரண்டு மைலில் ஹனகாபியாய் ஓடையும் கடற்கரையும் வரும். அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் அதற்கு மேல் கடற்கரைத் தடத்தில் போகக்கூடாது. ஆறாவது மைலில் ஹனகோவா. ஏழாவது மைல் வாக்கில் பாதை பாறையின் இடுப்பில் ஒடுங்கிப்போகும். தவழ்ந்துபோக வேண்டிய விளிம்பு என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஆட்களைக் கொல்வது எது? பெரும்பாலும் தண்ணீர். ஹனகாபியாய் கடற்கரையில் அலையைத் தடுக்கப் பவளப்பாறை கிடையாது. காலை நனைக்க இறங்குபவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே செத்தவர்களின் எண்ணிக்கையைக் கோடு கோடாகக் கீறிய எச்சரிக்கைப் பலகை பல ஆண்டுகள் நின்றது. ஓடைகளோ இன்னும் மோசம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். கணுக்கால் அளவு தண்ணீர் சில நிமிடங்களில் இடுப்பளவு ஆகும். 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் அந்த வடகரையில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை பெய்தது. அமெரிக்காவில் ஒரு நாளில் பதிவான மழையில் அதுதான் உச்சம்.

இந்தத் தண்ணீரும் சேறும் ஆண், பெண் பார்ப்பதில்லை. தப்பிக்கத் தேவையானவை எல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஓடையின் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, சத்தம் கூடுகிறதா என்று கேட்பது, தண்ணீர் ஏறினால் கரையிலேயே உட்கார்ந்து காத்திருப்பது, எந்தக் கடலில் இறங்கக்கூடாது என்று தெரிந்துவைப்பது, நீச்சல். இவற்றில் எதை நம் வீடுகள் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தன? எங்கள் தெருவில் பையன்கள் கிணற்றில் குதித்தார்கள், வாய்க்காலில் மிதந்தார்கள். எங்களுக்கோ கிணற்றுப் பக்கம் போகாதே என்ற ஒரு வரிதான் பாடம். ஆண்களைக் கண்டு பயப்படப் பத்து வயதிலிருந்து பயிற்சி கொடுத்தார்கள். ஆற்றைப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. நான் நீந்தக் கற்றது 39ஆவது வயதில், என் மகள் படித்த அதே வகுப்பில், அவள் வயதுப் பிள்ளைகளோடு. திறமையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, திறமை இல்லாததால் போகாதே என்று சொல்வதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இங்கே குரங்கணியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். அந்த வாரம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. தீ எப்படிப் பரவியது? அனுமதி எப்படிக் கிடைத்தது? வழிகாட்டிகளுக்கு என்ன பயிற்சி? காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவர ஏன் அவ்வளவு நேரம்? ஆனால் என் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து என் உறவினர்கள் கேட்டது ஒன்றுதான்: "பொண்ணுங்களுக்கு எதுக்கு மலையேற்றம்?" ஒரு பேருந்து கவிழ்ந்தால் ஓட்டுநரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் கேட்கிறோம். மலையில் பெண்கள் செத்தால் அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்கிறோம். இறந்துபோன அந்தப் பெண்களைக் காட்டி இன்று வரை எத்தனையோ மகள்களுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. அவர்களுடைய நினைவுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

வீட்டோடு மட்டும் சண்டை போட்டு முடித்துவிட முடியாது. எதிர்ப்பக்கத்தில் சந்தை நிற்கிறது. அது பெண்ணை வா வா என்று அழைக்கிறது. மகளிர் தினத்துக்கு ஊதா நிற பனியன், சலுகை விலையில் மலை, "உன் பயத்தை வெல்", "சிகரத்தை அடக்கு", "ஆணுக்கு நிகராக". ஒருமுறை எங்கள் நகரத்தில் ஒரு மலையேற்றக் குழுவின் அறிமுகக் கூட்டத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரத்தில் வென்றேன், முடித்தேன், சாதித்தேன் என்ற வினைச்சொற்களை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம்" என்று பதில் வந்தது.

இந்த வெற்றி மொழி நம்முடையது இல்லை தோழிகளே. மண்ணையும் பெண்ணையும் ஒரே மூச்சில் அடக்கப் பழகியவர்களின் மொழி இது. அதை நாம் வாங்கி உடுத்திக்கொண்டால் நம் உடம்புக்குத்தான் கேடு. ஏனென்றால் அந்த மொழியில் திரும்பி வருவதற்குச் சொல் கிடையாது. தோல்வி என்ற சொல்தான் இருக்கிறது.

நாங்கள் திரும்பி வந்தோம். அனுமதிச் சீட்டு எடுத்திருந்தோம், ஹனகோவாவில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினோம். இரவெல்லாம் மழை. காலையில் மழை விட்டது, வெயிலும் வந்தது. ஆனால் மேலே பள்ளத்தாக்கின் முகடு மேகத்துக்குள் இருந்தது. ஒரு மைல் நடந்து அந்த விளிம்பு தெரிகிற இடம் வரை போனோம். பாதை முழுக்கச் சிவப்புச் சேறு. தங்கை கையில் இருந்த கம்பை ஊன்றிப் பார்த்தாள், அது வழுக்கிக்கொண்டு போனது. "போதும்க்கா," என்றாள். "சரி," என்றேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஓர் இளைஞன் நாங்கள் திரும்புவதைப் பார்த்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இன்னும் நாலு மைலுக்காகவா விடுவீர்கள் என்று கேட்டான். அவனோடு வந்த பெண் எதுவும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தாள், பிறகு விளிம்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வரும் வழியில் ஹனகாபியாய் ஓடை பெருகியிருந்தது. கரையில் நாலரை மணி நேரம் காத்திருந்தோம். ரொட்டி தின்றோம், அம்மாவைப் பற்றிப் பேசினோம், சிரித்தோம், ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி தண்ணீரின் அளவைப் பார்த்தாள். அந்த நாலரை மணி நேரமும் என் விடுமுறைதான். எட்டு மணிக்குள் குழம்பு கொதிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லாத ஒரு பெண்ணுக்குத்தான் ஒரு ஓடை வடியும்வரை உட்கார முடியும்.

அந்த மலைக்கு ஒரு வீரக்கதை இருக்கிறது. அந்தக் கதையில் ஒரு பெண்ணை எப்படி அழித்தார்கள் என்று சொன்னால் நான் ஏன் இந்த மொழியோடு சண்டை போடுகிறேன் என்று புரியும்.

1865இல் ஹவாயில் தொழுநோயைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. அதன்படி நோயாளிகளைப் பிடித்து மொலோகாய் தீவின் கலாவ்பாப்பாவுக்கு நாடு கடத்தினார்கள். நூறாண்டுக்கும் மேல் நீடித்த இந்த முறையில் ஏறத்தாழ 8,000 பேர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். கவாய் தீவில் மாடு மேய்க்கும் வேலை பார்த்த கோலாவ் என்பவருக்கு நோய் வந்தது. மனைவி பியிலானி கூட வந்தால் போகிறேன் என்றார். அனுமதி கிடைக்கவில்லை. பியிலானிக்கு நோய் இல்லை. அவர் தன் கணவரோடும், நோயின் அறிகுறி தெரியத் தொடங்கியிருந்த சின்ன மகன் கலெய்மனுவோடும், மேலேயிருந்து செங்குத்தான மலைவழியே கலலாவ் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்.

1893 ஜனவரியில் ஹவாயின் அரசி லிலியுவொகலானி பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டார். வெள்ளை முதலாளிகளின் தற்காலிக அரசு வந்தது. அந்த ஆண்டு ஜூனில் நோயாளிகளைப் பிடிக்க வந்த லூயி ஸ்டோல்ஸ் என்ற அதிகாரியைக் கோலாவ் சுட்டுக் கொன்றார். பீரங்கியோடு படை வந்தது. படையில் மூன்று பேர் செத்தார்கள், கோலாவைப் பிடிக்க முடியாமல் படை திரும்பியது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அந்தக் குடும்பம் பள்ளத்தாக்கில் மறைந்து வாழ்ந்தது. முதலில் மகன் இறந்தான், பிறகு கணவர். பியிலானி அவர்களைப் புதைத்தார். கணவரைத் தனியாளாக, அவருடைய துப்பாக்கியோடு சேர்த்துப் புதைத்துவிட்டு, வந்த மலையிலேயே தனியாக ஏறி ஊருக்குத் திரும்பினார்.

பிறகு ஜாக் லண்டன் இதைக் கதையாக எழுதினார். "கோலாவ் தி லெப்பர்" என்ற அந்தக் கதை 1912இல் "தி ஹவுஸ் ஆஃப் பிரைட்" தொகுப்பில் வந்தது. உலகம் முழுக்கப் படித்தது. அதில் கோலாவ் தனி ஆள். கூட்டாளிகள் எல்லாம் கைவிட்டுப் போக, துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாகச் சாகிறார். அந்த ஆண்டுகளில் அவரோடு வாழ்ந்து, அவரைப் புதைத்த பியிலானி அந்தக் கதையில் இல்லை. ஒரு வீரன் தனியாக நின்றால்தான் வீரன் என்று கதை சொல்கிறவர்களுக்குப் பழக்கமாகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தால் காட்சி கெட்டுவிடும்போல.

லண்டன் எழுதுவதற்கு முன்பே, 1906இல், பியிலானி தன் கதையை ஜான் ஷெல்டன் என்ற பத்திரிகையாளரிடம் சொல்லி அது ஹவாய் மொழியில் புத்தகமாக வந்துவிட்டது. அவர் வாய் திறக்காமல் இல்லை. பேசினார், அச்சிலும் ஏறியது. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அது பரவலாகக் கிடைக்க இன்னும் எண்பது ஆண்டு ஆனது. அவரை நடுவில் வைத்து டபிள்யூ. எஸ். மெர்வின் ஒரு நெடுங்கவிதை எழுதியது 1998இல். இன்று தடத்தில் நடக்கிற பலர் கோலாவ் பெயரைச் சொல்கிறார்கள். தவழ்கிற விளிம்பில் நின்று படம் எடுத்து "வென்றேன்" என்று எழுதுகிற பெண்ணுக்கு, அதே பாறைகளில் மூன்று ஆண்டுக்கு மேல் பிள்ளையோடு வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் தெரியவில்லை. வெற்றி மொழி இதைத்தான் நமக்குச் செய்கிறது. நமக்கு முன்னால் நடந்தவளை மறைத்து, நீதான் முதல் ஆள் என்று முதுகில் தட்டுகிறது.

அந்தத் தடம் முதல் ஆளுக்குக் காத்திருந்த காடும் இல்லை. ஓடைக்கரைகளில் கல் அடுக்கிய வரப்புகள் இன்றும் இருக்கின்றன. ஹவாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேம்பு பயிரிட்ட வயல்கள் அவை. வழியெல்லாம் தாழை. அதன் ஓலையில்தான் அங்கே பாய் பின்னினார்கள், நம் கடற்கரைகளிலும் தாழம்பாய் முடைந்த கைகள் உண்டு. ஒருவருடைய வீட்டு முற்றத்தில் நடந்துவிட்டு அதை வென்றேன் என்று சொல்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டாமா? 2018 வெள்ளத்தில் சாலை உடைந்து தடம் மூடப்பட்டது. 2019 ஜூனில் திறந்தபோது, தடம் தொடங்கும் ஹாயேனா பூங்காவுக்கு ஒரு நாளில் 900 பேர்தான் வரலாம், வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்தே வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். எங்களுக்கு விரும்பிய நாளில் இடம் கிடைக்கவில்லை. அந்த விதி சரி என்றே நினைக்கிறேன். நம் இடங்களில் யார் யாரோ நுழைந்து அனுபவிப்பதைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம், பிறர் நிலத்தில் நுழையும்போது கதவைத் தட்டத்தான் வேண்டும்.

இதைப் படிக்கிற ஒரு தோழி கேட்பார்: அமெரிக்காவில் தங்கை, கையில் சம்பளம், ஹவாய் விடுமுறை. இதுவா பெண்ணியம்? நியாயமான கேள்வி. என் விடுமுறை யாருக்கும் விடுதலை தராது. ஆனால் ஓய்வு வசதியுள்ளவளுக்கு மட்டும் கிடைக்கிறது என்பது, ஓய்வைக் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. எட்டு மணி நேர வேலையையும் வார விடுமுறையையும் தொழிலாளர்கள் போராடித்தான் பெற்றார்கள், அப்போதும் அவர்களைப் பார்த்து ஓய்வு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தேயிலை பறிக்கிற பெண்ணுக்கு அந்த மலையை ஒரு நாளாவது கூடை இல்லாமல் பார்க்கும் உரிமை இல்லையென்றால், நாம் பேசவேண்டிய கூலியிலும் விடுப்பிலும் அந்த ஒரு நாளையும் சேர்த்துப் பேச வேண்டும். வீட்டிலிருக்கும் 299 நிமிடத்தைப் பங்கு போடாமல் அது நடக்காது. கடற்கரையோ, ஊர்க் கண்மாய்க் கரையோ, பக்கத்துக் குன்றோ, தூரம் முக்கியமில்லை. காரணம் சொல்லாமல் போய்வர முடிகிறதா என்பதே கேள்வி.

ஆகவே மாணவிகளே, தோழிகளே, நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வயதிலா என்று யோசிக்காதீர்கள். மழை, ஓடை, காட்டுத்தீ பற்றிப் படியுங்கள், அழைத்துப் போகிறவரிடம் அவற்றைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்லாதவரோடு போகாதீர்கள். திரும்பி வருவதைச் சேர்த்தே திட்டம் போடுங்கள். போகிற இடத்தில் யார் வாழ்ந்தார்கள், அவர்களில் பெண்கள் யார் என்று போவதற்கு முன்னால் தேடுங்கள். "எதுக்குப் போற?" என்று கேட்கும்போது கோயில், வேலை, உடல்நலம் என்று ஒரு காரணத்தை ஜோடிக்காதீர்கள். நீங்கள் ஜோடிக்கிற ஒவ்வொரு காரணமும் உங்களுக்குப் பின்னால் வருகிற பெண்ணுக்கு ஒரு வேலியாகும்.

என் மகளுக்கு 19 வயது. கல்லூரித் தோழிகளோடு டிசம்பரில் கொல்லிமலை போக வேண்டும் என்கிறாள். அவளிடம் நான் கேட்கப்போவது மூன்றுதான். வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும், மழை வந்தால் எந்த இடத்தில் திரும்புவீர்கள், கையில் பணம் இருக்கிறதா.